கிளிட்டர் (2001 திரைப்படம்): ரசிகர்களின் கருத்துப் பிளவு

‘கிளிட்டர்’ 2001இல் வெளிவந்த அமெரிக்க இசைத் திரைப்படம். பாப் பாடகி மரியா கேரி முதன்முறையாகக் கதாநாயகியாக நடித்த படம் இது. வாண்டி கர்ட்டிஸ்-ஹால் இயக்கினார். திரைக்கதை கேட் லேனியர். சுமார் 2.2 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, உலகம் முழுதும் 50 லட்சம் டாலரைச் சற்றே தாண்டிய வசூலோடு படுத்துவிட்டது. அந்த ஆண்டின் மோசமான நடிகைக்கான கோல்டன் ராஸ்பெரி ‘விருது’ கேரிக்குப் போனது. விமர்சகர்களிடையே இந்தப் படத்தைப் பற்றிப் பெரிதாகக் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டை ஓயாமல் நடப்பது, தங்களை ‘லாம்ப்ஸ்’ என்று அழைத்துக்கொள்ளும் கேரியின் ரசிகர்களுக்குள்ளேதான்.

கதை

லில்லியன் ஒரு கிளப் பாடகி, குடிப்பழக்கம் உள்ளவர். கையில் புகையும் சிகரெட்டோடு அவர் தூங்கிப்போக வீடு பற்றிக்கொள்கிறது. மகள் பில்லி ஃபிராங்க் தாயைப் பிரிந்து காப்பகத்தில் வளர்கிறாள். 1983இன் நியூயார்க் இரவு விடுதிகளில் தோழிகளோடு ஆடிக்கொண்டிருக்கும் அவளை, ஒரு தயாரிப்பாளர் (டெரன்ஸ் ஹவர்ட்) சில்க் என்ற பாடகியின் பின்னணிக் குழுவில் சேர்க்கிறார். சில்க்குக்குக் குரல் போதவில்லை. பில்லியின் குரலையே சில்க்கின் குரலாகப் பதிவில் ஏற்றிவிடுகிறார்.

சில்க்காக நடித்தவர் சென்னையில் பிறந்த பத்மா லட்சுமி. பிற்பாடு ‘டாப் செஃப்’ சமையல் போட்டியால் அமெரிக்கா முழுதும் தெரிந்த முகமானவர். ஒருவர் பாட இன்னொருவர் வாயசைப்பது தமிழ்த் திரையில் ஊரறிந்த ஏற்பாடு. இந்தப் படத்தில் அதுவே மோசடி. அதைக் கண்டுபிடிக்கும் டைஸ் என்ற டி.ஜே. (மாக்ஸ் பீஸ்லி), தயாரிப்பாளருக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாக வாக்குக் கொடுத்து பில்லியை ஒப்பந்தத்திலிருந்து மீட்கிறான், பணத்தைத் தரவில்லை. காதல், புகழ், பிரிவு, கொலை, பெரிய மேடை, தாயோடு மறுசந்திப்பு என்று மீதிக் கதை எதிர்பார்த்த வழியிலேயே போகிறது.

குறைகள்

வசனம் தட்டையானது. கேரியின் நடிப்பு பல இடங்களில் ஒதுங்கி நிற்கிறது. பாடும் காட்சிகளில் இருக்கும் பிடிப்பு பேசும் காட்சிகளில் கழன்றுவிடுகிறது. 1983 என்று சொல்லப்பட்டாலும் உடையிலும் ஒப்பனையிலும் 2001 எட்டிப் பார்க்கிறது.

எந்தப் பக்கத்து ரசிகரும் எடுத்துப்போடும் காட்சி ஒன்று உண்டு. பிரிந்திருக்கும் பில்லியும் டைஸும் தத்தம் வீட்டில் தனித்தனியே உட்கார்ந்து ஒரே பாட்டை இயற்றுகிறார்கள். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மெட்டு மட்டும் பொருந்திப் போகிறது. அவன் இல்லாத நேரத்தில் அவன் வீட்டுக்குப் போகும் பில்லி, அவன் எழுதிவைத்த இசைத்தாளைப் பார்த்து அதில் முத்தமிட்டு, உதட்டுச்சாயத் தடத்தை விட்டுவிட்டு வந்துவிடுகிறாள். இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது என்பவர்களும் உண்டு. இந்தப் படம் எதை நம்புகிறதோ அது முழுசாக வெளிப்படுவது இங்கேதான் என்பவர்களும் உண்டு. இரண்டுமே சரிதான் என்று தோன்றுகிறது.

வெளியீட்டுச் சூழல்

படத்தின் தலையெழுத்தில் பாதி, படத்துக்கு வெளியே எழுதப்பட்டது. வர்ஜின் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சுமார் 8 கோடி டாலர் மதிப்பில் கேரி செய்துகொண்ட ஒப்பந்தத்தின் முதல் தொகுப்பு இந்தப் படத்தின் பாடல்கள். 2001 ஜூலையில் அவர் உடலும் மனமும் சோர்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இசைத்தொகுப்பின் வெளியீடு தள்ளிப்போய், கடைசியில் செப்டம்பர் 11 அன்று அமைந்தது. அன்று காலை நியூயார்க்கில் நடந்தது உலகுக்கே தெரியும். பத்து நாள் கழித்து அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த படம், துக்கத்தில் இருந்த நாட்டில் கேலிக்கு மட்டும் பயன்பட்டது. ‘லவ்வர்பாய்’ தனிப்பாடல் பில்போர்டு பட்டியலில் 2ஆம் இடம் வரை போயிருந்தும், தொகுப்பு முதல் வாரத்தில் சுமார் 1,16,000 பிரதிகளே விற்று 7ஆம் இடத்தில் நுழைந்தது. 2002 ஜனவரியில் வர்ஜின் நிறுவனம் 2.8 கோடி டாலர் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது.

ரசிகர்களின் அணிகள்

முதலில், படத்தையும் பாட்டையும் பிரித்துப் பார்ப்பவர்கள். இவர்களே பெரும்பான்மை. படத்தை விட்டுத்தள்ளுங்கள், பாட்டுக்கு என்ன குறை என்பது இவர்கள் வாதம். வால்டர் அஃபனாசியெஃபோடு சேர்ந்து உருவான ‘லீட் த வே’யைக் கேரியின் மிகச் சிறந்த பாடல்களில் ஒன்றாக வைப்பார்கள். ஆனால் தொகுப்பைப் பற்றியும் இவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. ஷெரெலின் 1984 பாடலை ஜிம்மி ஜாம், டெரி லூயிஸ் இணையோடு மறுபடி பாடியது எண்பதுகளுக்குச் செலுத்திய மரியாதை என்பார் ஒருவர். ராப் பாடகர்கள் வந்து நெருக்கியதில் கேரியின் குரலைத் தேட வேண்டியிருக்கிறது என்பார் இன்னொருவர்.

அடுத்தவர்கள் படத்தைக் கொண்டாட்டமாகப் பார்ப்பவர்கள். நண்பர்களோடு கூடி, வசனங்களைக் கூடவே சொல்லி, அபத்தத்தை ரசிப்பது இவர்கள் வழி. இதுவும் ஒருவகைப் பாசம்தான். ஆனால் மூன்றாவது அணிக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. கேரி தம் வாழ்க்கையைப் படத்துக்குள் வைத்திருக்கிறார், அதைப் பார்த்தா சிரிப்பது என்று கேட்பவர்கள் இவர்கள். கறுப்பினத் தந்தைக்கும் வெள்ளையினத் தாய்க்கும் பிறந்த கேரி, படத்தில் கறுப்பினத் தாய்க்கும் வெள்ளையினத் தந்தைக்கும் மகளாக வருகிறார். பில்லியின் தொழிலைத் தன் கைப்பிடியிலேயே வைத்திருக்கும் டைஸில், கேரியின் முன்னாள் கணவரும் சோனி மியூசிக் தலைவராக இருந்தவருமான டாமி மொட்டோலாவின் நிழலைப் பார்க்கிறார்கள். இந்த வாசிப்பில் பொருள் இருக்கிறது. ஆனால் சொந்த வாழ்க்கை என்பதாலேயே ஒரு காட்சி நல்ல காட்சியாகிவிடாது.

படத்தைப் பற்றிப் பேசவே விரும்பாதவர்களும் உண்டு. அவர்களுக்கு ‘கிளிட்டர்’ என்றால் 2001இன் அந்த ஜூலை. தமக்கு இருமுனைக் கோளாறு இருப்பதை 2018 ஏப்ரலில் கேரியே வெளிப்படையாகச் சொன்ன பிறகு, அன்று பத்திரிகைகள் அடித்த நக்கல் இவர்களுக்கு இன்னும் கசந்தது.

நடிப்பே வராது என்ற பழிக்கு எதிராக எல்லா அணியும் ஒன்றாக நீட்டும் சாட்சி, 2009இல் லீ டேனியல்ஸ் இயக்கிய ‘பிரெஷஸ்’. அதில் ஒப்பனையின்றிச் சமூகப் பணியாளராக வந்த கேரியைப் பாராட்டாதவர் குறைவு.

2018 இயக்கமும் பின்னரும்

2018 நவம்பரில், ‘காஷன்’ தொகுப்பு வெளியாகவிருந்த நாள்களில், ‘ஜஸ்டிஸ் ஃபார் கிளிட்டர்’ என்ற முழக்கத்தோடு ரசிகர்கள் பழைய தொகுப்பை விலைகொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். பதினேழு ஆண்டுப் பழைய இசை, அமெரிக்க ஐடியூன்ஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. புதிய தொகுப்பை விற்க வேண்டிய வாரத்தில் இது கவனத்தைச் சிதறடிக்கிறது என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். கேரி நன்றி தெரிவித்தார். 2019 சுற்றுப்பயணத்தில் இத்தொகுப்பின் பாடல்களைக் கோத்து மேடையில் பாடினார். 2020இல் தொகுப்பு ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு வந்தது. நீதி கேட்டது பாடல்களுக்குத்தான். படத்துக்காக அப்படி ஒரு கூட்டம் திரளவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த ‘த ராரிட்டீஸ்’ தொகுப்பில் ‘லவ்வர்பாய்’ பாடலின் ஆதி வடிவம் வெளியானது. யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவின் ‘ஃபயர்கிராக்கர்’ இசைத்துண்டின் மீது கட்டப்பட்டது அது. அதே துண்டு ஜெனிஃபர் லோபஸின் ‘ஐ’ம் ரியல்’ பாடலில் முந்திக்கொண்டதால், கேரி கேமியோ குழுவின் ‘கேண்டி’க்கு மாற வேண்டியதாயிற்று. இதன் பின்னணியில் மொட்டோலா இருந்தார் என்பது கேரியின் குற்றச்சாட்டு. இரண்டு வடிவங்களும் கையில் கிடைத்ததும் ரசிகர்கள் புதிதாகப் பிரிந்தார்கள்: இதுதான் வந்திருக்க வேண்டிய பாட்டு என்று ஒரு பக்கம், ‘கேண்டி’யின் துள்ளல் இதில் இல்லை என்று மறுபக்கம்.