பறையும் பியானோவும்: கருவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை

காட்டேரிக்குப்பத்தில் மாலை வகுப்பு முடிந்ததும் கல்லூரி முதலாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி எங்களிடம் கேட்டாள்: “அக்கா, வீட்டுலயே வாசிச்சுப் பழகணும், பாட்டுப் பதிவு பண்ணணும். கம்மி விலையில எந்த பியானோ வாங்கலாம்?” திண்ணையில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார். “நம்ம வூட்டுக்கு பியானோவா?”

அவர் கேலி செய்யவில்லை. அவருடைய காலத்தில் நம் தெருவுக்கு எந்தக் கருவி என்பதை ஊர்தான் முடிவு செய்தது. சாவுக்கும் திருவிழாவுக்கும் பறை அடிப்பது சாதி சுமத்திய வேலை. மறுத்தவர்கள் அடி வாங்கினார்கள், ஊர்விலக்கத்துக்கு ஆளானார்கள். அதனால்தான் பல ஊர்களில் நம் இளைஞர்கள் பறையைக் கீழே வைத்தார்கள். அதே பறையைப் போராட்ட மேடையில் விரும்பி எடுத்தவர்களும் நம்மவர்களே. ‘தன்னானே’ கலைக்குழுவை நடத்திய கே.ஏ.குணசேகரன் நாட்டுப்புறப் பாடலை விடுதலைக் குரலாக்கினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராகவும் இருந்தார். கட்டாயத்தால் தொடுவது வேறு, விருப்பத்தால் தொடுவது வேறு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு கட்டைக் கருவிகளின் கதைக்கு வருவோம்.

பியானோ மாளிகைகளில் இருந்தது. அதன் கட்டைகளை எளிய வீடுகளுக்குக் கொண்டுவந்தது ஆர்மோனியம். 1842இல் பாரிசில் காப்புரிமை பெற்ற இந்தக் கருவியை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் கையால் காற்றடிக்கும் பெட்டியாக மாற்றினார். தரையில் உட்கார்ந்து வாசிக்கலாம், தோளில் தூக்கிப் போகலாம். 1922இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபிலும், நம் வட்டாரத் தெருக்கூத்திலும் அது நிலைத்தது. ஆனால் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதற்குத் தடை போட்டது. கமகம் வராது, சுருதி சரியில்லை என்றார்கள். அந்த வாதத்தில் இசைக்கணக்கும் இருந்தது. ஆனாலும் எது ‘சுத்தமான’ இசை என்று தீர்ப்பு எழுதும் இடத்தில் கூத்துக் கலைஞர்கள் இல்லை. தடை இருந்த அத்தனை ஆண்டும் கூத்துமேடையில் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அண்ணன் பாவலர் வரதராசனின் கச்சேரிகளில் ஆர்மோனியம் வாசித்த பண்ணைப்புரத்து இளைஞர்தான், சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைத்த இளையராஜா. 2025 மார்ச்சில் அவருடைய சிம்பொனி லண்டனில் அரங்கேறியது.

1980இல் கேசியோ தன் முதல் மின்னணு கீபோர்டைக் கொண்டுவந்தது. 1983இல் வந்த ‘மிடி’ என்னும் பொது முறை, கருவியும் கணினியும் பேசிக்கொள்ள வழி செய்தது. ஸ்டுடியோவின் கதவு அங்கே கொஞ்சம் திறந்தது.

இனி தங்கையின் கேள்விக்குப் பதில். பியானோ பழக 88 கட்டைகள் வேண்டும். அழுத்தும்போது கனம் தெரிய வேண்டும். மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும் ஓங்கித் தொட்டால் உரக்கவும் ஒலிக்க வேண்டும். யமஹா பி-145, கேசியோ சிடிபி-எஸ்110 போன்ற தொடக்கநிலை மாடல்கள் இதற்குப் போதும். நூற்றுக்கணக்கான ஒலிகள், தாளங்கள் என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஹெட்போன் துளை கட்டாயம் இருக்கட்டும். ஒற்றை அறை வீட்டில் தம்பி தூங்கும்போதும் பழக வேண்டுமே. பதிவில் ஒரு சூட்சுமம் உண்டு: விலை குறைந்த பல மாடல்களில் யுஎஸ்பி வழியே ஒலி போகாது, எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம் என்ற மிடி குறிப்பு மட்டுமே போகும். அதைக் கணினியில் திருத்திக்கொள்ளலாம். ஒலியையே பதிய ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயரும் சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸும் தேவைப்படும். பழையது வாங்கினால் 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.

இவற்றின் விலை பல பத்தாயிரங்களில் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் அம்மா இதற்காக வாரத் தவணைக் கடன் வாங்கக் கூடாது. பத்துப் பேர் சேர்ந்து படிப்பகத்துக்கு ஒன்று வாங்குவோம், நேரம் பிரித்துக்கொள்வோம்.

வந்ததும் முதலில் எதைப் பதிவது? நம் பாட்டிகளின் நடவுப்பாட்டையும் ஒப்பாரியையும். வெளியிலிருந்து வந்து பதிந்தவர்கள் பாட்டை எடுத்துக்கொண்டு பாடியவரின் பெயரை விட்டுப்போன கதை நமக்குத் தெரியும். நம் பதிவில் பாடியவரிடம் சம்மதம் கேட்போம், அவர் பெயரையும் எழுதுவோம். சிரித்த பெரியவரும் ஒரு பாட்டு பாடுவார். கட்டை மீது விரல் வைக்கப்போவது நம் தங்கை.