விநியோகச் சங்கிலி மேலாண்மைக் கல்வி

மூலப்பொருள் கிளம்பும் இடத்திலிருந்து, செய்து முடித்த பொருள் வாங்குபவரின் கைக்கு வந்து சேரும் வரை கொள்முதல், இருப்பு, உற்பத்தித் திட்டம், கிடங்கு, போக்குவரத்து எனப் பல வேலைகள் நடக்கின்றன. இவற்றை ஒரே தொடராகக் கண்டு நடத்தக் கற்பிப்பது விநியோகச் சங்கிலி மேலாண்மைக் கல்வி. தொழிலமைப்புகளின் சான்றிதழ்த் தேர்வுகள், பல்கலைக்கழகப் பட்டங்கள், பட்டயப் படிப்புகள், அரசுத் திறன் பயிற்சிகள், நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு நடத்தும் வகுப்புகள் ஆகியவை இதில் அடங்கும். ஸ்டோர்ஸிலும் கொள்முதல் அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி வைத்ததிலிருந்து பிறந்த கல்வி இது. பல்கலைக்கழகங்கள் பின்னர் வந்து சேர்ந்தன.

பெயர்

'சப்ளை செயின் மேனேஜ்மென்ட்' என்ற தொடரைப் பூஸ் ஆலன் ஹாமில்டன் ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்த கீத் ஆலிவர் 1982இல் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் இதே வேலைகள் கொள்முதல், பொருள் மேலாண்மை, பௌதிக விநியோகம், லாஜிஸ்டிக்ஸ் என்ற தனித்தனிப் பெயர்களில் கற்பிக்கப்பட்டன. இவற்றுள் லாஜிஸ்டிக்ஸ் படைத்துறையிலிருந்து வந்த சொல். அமெரிக்க மரைன் படை அதிகாரி ஜார்ஜ் சைரஸ் தார்ப் 1917இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். இன்று லாஜிஸ்டிக்ஸ் என்பது விநியோகச் சங்கிலியின் ஓர் உறுப்பு: சரக்கை நகர்த்துவதும் வைப்பதும் அதன் எல்லை. தமிழில் விநியோகச் சங்கிலி, வழங்கல் சங்கிலி என்ற இரு வழக்குகளும் உள்ளன. தொழிலில் இருப்பவர்கள் 'சப்ளை செயின்' என்றே சொல்கிறார்கள்.

தொடக்க காலம்

தொழிற்சாலையில் பொருள்களைத் தெரிந்தெடுத்து, வாங்கி, உரிய இடத்துக்கு அனுப்பும் ஆளைப் பற்றிய குறிப்பு சார்லஸ் பாபேஜின் 1832ஆம் ஆண்டு நூலிலேயே உண்டு. ஆனால் இந்த வேலையைப் பாடமாக்கியவர்கள் ரயில்வேக்காரர்கள். ஓர் இருப்புப்பாதை நிறுவனம் நூற்றுக்கணக்கான மைல் தூரத்துக்கு ஸ்லீப்பர், தண்டவாளம், நிலக்கரி, எண்ணெய், எஞ்சின் உதிரிபாகம் ஆகியவற்றைப் பல நிலையங்களில் வைத்திருக்க வேண்டும். ஓர் இடத்தில் இல்லாவிட்டால் வண்டி நிற்கும். எல்லா இடத்திலும் அளவுக்கு மீறி வைத்தால் முதலீடு முடங்கும். சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் நிர்வாகி மார்ஷல் கர்க்மன் 1887இல் ரயில்வே தளவாடங்களை வாங்குவதும் கையாள்வதும் பற்றி எழுதிய நூல், கொள்முதலுக்கென்றே எழுதப்பட்ட முதல் நூலாகப் போற்றப்படுகிறது.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ். பள்ளிப்படிப்புக்கு மேல் கல்லூரிப் பட்டம் ஏதும் இல்லாத இவர், 1913 பிப்ரவரியில் 'ஃபாக்டரி' என்ற தொழில் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பொருளைச் சிறிது சிறிதாக அடிக்கடி வாங்கினால் ஒவ்வொரு முறையும் ஆணைச் செலவு ஏறும். மொத்தமாக வாங்கிப் போட்டால் வட்டியும் இடச்செலவும் ஏறும். இவ்விரு செலவுகளும் சமமாகும் அளவில் வாங்கினால் மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்கும் என்று அவர் காட்டினார். சிக்கன ஆணை அளவு எனப்படும் இந்த வாய்பாடு உலகெங்கும் இத்துறையின் முதல் வகுப்பில் இன்றும் கற்பிக்கப்படுகிறது. ஆண்டுத் தேவை இரட்டிப்பானாலும் ஒருமுறை வாங்கும் அளவு இரட்டிப்பாக வேண்டியதில்லை, 1.41 மடங்கானால் போதும் என்பது இதிலிருந்து மாணவர் பெறும் முதல் வியப்பு.

1915இல் நியூயார்க்கில் கொள்முதல் முகவர்களின் தேசியச் சங்கம் தொடங்கப்பட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1917 அளவில் கொள்முதலை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டது. அங்கே கற்பித்த ஹோவர்டு லூயிஸ் 1933இல் வெளியிட்ட தொழிற்கொள்முதல் பற்றிய நூல் நீண்ட காலம் பாடநூலாக இருந்தது. பிரிட்டனில் 1919இல் போக்குவரத்து நிறுவனமும், 1932இல் கொள்முதல் அலுவலர் சங்கமும் தோன்றின.

இருப்பு வகைப்பாடுகள்

இந்தியாவில் பொருள் மேலாண்மை படித்தவர் எவருக்கும் மறக்காத பகுதி இருப்பை வகை பிரிக்கும் பாடம். இதற்கு மூலம் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஃபோர்டு டிக்கி 1951இல் எழுதிய ஏ-பி-சி பகுப்பாய்வு. ஸ்டோர்ஸில் உள்ள பொருள்களில் சிறு பங்கே மொத்த மதிப்பின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கும். அவை 'ஏ' வகை. எண்ணிக்கையில் மிகுந்தும் மதிப்பில் குறைந்தும் இருக்கும் நட்டு, போல்ட், வாஷர் போன்றவை 'சி' வகை. இடைப்பட்டவை 'பி' வகை. ஏ வகையை நெருக்கமாகக் கண்காணித்து, சி வகையைத் தாராளமாக வாங்கி வைக்கலாம்.

மதிப்பை மட்டும் பார்ப்பது போதாது என்பதால் பிற பகுப்புகள் எழுந்தன. வி-இ-டி பகுப்பு, இல்லாவிட்டால் வேலையே நின்றுவிடும் உயிர்நிலைப் பொருள், தேவையானது, இருந்தால் நல்லது என்று பிரிக்கிறது. மருத்துவமனை மருந்துக் கிடங்கில் இதன் பயன் மிகப் பெரிது: விலை மலிவான ஓர் ஊசிமருந்து சி வகையாக இருந்துகொண்டே உயிர்நிலைப் பொருளாகவும் இருக்கலாம். எஃப்-எஸ்-என் பகுப்பு விரைவாகப் போவது, மெதுவாகப் போவது, அசையாமலே கிடப்பது என்று பார்க்கிறது. எச்-எம்-எல் ஒரு பொருளின் அலகு விலையைக் கொண்டும், எஸ்-டி-இ அது சந்தையில் எவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்பதைக் கொண்டும் பிரிக்கின்றன. இரண்டு பகுப்புகளைக் குறுக்கே வைத்து ஒன்பது கட்டங்களாகப் பார்ப்பது தேர்வுகளில் வழக்கமான கணக்கு. இறந்த சரக்கைக் கண்டுபிடித்து ஏலத்தில் தள்ளுவது, வாங்கும் இடைவெளியைத் தீர்மானிப்பது, பூட்டி வைக்க வேண்டியவை எவை என்று முடிவு செய்வது எல்லாம் இந்தப் பகுப்புகளின் மேல்தான் நிற்கின்றன.

தொழிலமைப்புகளும் சான்றிதழ்களும்

அமெரிக்க உற்பத்தி, இருப்புக் கட்டுப்பாட்டுச் சங்கம் (ஏபிக்ஸ்) 1957இல் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் இச்சங்கம் பொருள் தேவைத் திட்டமிடலைப் பரப்ப ஓர் இயக்கமே நடத்தியது. ஜோசப் ஆர்லிக்கி, ஆலிவர் வைட், ஜார்ஜ் பிளாசல் ஆகிய மூவரும் அதன் முன்னணியில் நின்றார்கள். எடுத்துக்காட்டாக, டிராக்டருக்கான தேவையைச் சந்தையைப் பார்த்து மதிப்பிட வேண்டும். அதன் சக்கர நட்டுக்குத் தனியாகச் சந்தை மதிப்பீடு தேவையில்லை. எத்தனை டிராக்டர், ஒன்றுக்கு எத்தனை நட்டு, கையிருப்பு எவ்வளவு, வந்து சேர எத்தனை வாரம் என்பவை தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். கணினியின் துணையால் இது நடைமுறைக்கு வந்தது. இது குறித்த ஆர்லிக்கியின் நூல் 1975இல் வெளியானது. இயக்கத்தின் விளைவாக எழுந்த 'சிபிஐஎம்' சான்றிதழ் 1973இல் தொடங்கியது. கணக்கு எழுதும் குமாஸ்தா என்று மதிக்கப்பட்ட திட்டமிடுபவருக்கு அது தொழில்முறை அடையாளத்தைத் தந்தது.

ஏபிக்ஸ் 2006இல் 'சிஎஸ்சிபி' தேர்வைச் சேர்த்தது. 1996இல் தோன்றிய சப்ளை செயின் கவுன்சிலையும், திட்டமிடு, வாங்கு, செய், கொண்டுசேர் என்று வேலைகளை வரிசைப்படுத்தும் அதன் 'ஸ்கோர்' மாதிரியையும் 2014இல் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2019 முதல் ஏஎஸ்சிஎம் என்ற பெயரில் இயங்குகிறது. சான்றிதழ் பெற்றவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 75 புள்ளிகள் சேர்த்து அதைப் புதுப்பிக்க வேண்டும்.

1915இல் நியூயார்க்கில் தொடங்கிய கொள்முதல் முகவர் சங்கம் இன்று இன்ஸ்டிடியூட் ஃபார் சப்ளை மேனேஜ்மென்ட் ஆகியுள்ளது. 2008இல் வந்த இதன் 'சிபிஎஸ்எம்' சான்றிதழுக்குப் பட்டதாரிகளிடம் மூன்றாண்டு, பட்டம் இல்லாதவர்களிடம் ஐந்தாண்டு வேலை அனுபவம் கேட்கப்படுகிறது. பிரிட்டனின் கொள்முதல் சங்கம் 1992இல் அரச சாசனம் பெற்று சிஐபிஎஸ் ஆனது. இதன் முழு உறுப்பினர் தகுதியான 'எம்சிஐபிஎஸ்' பெறவும் படிப்போடு அனுபவம் வேண்டும். 1963இல் தொடங்கிய அமெரிக்க பௌதிக விநியோக மன்றம், 1985இல் லாஜிஸ்டிக்ஸ் மன்றமாகவும் பின்னர் சிஎஸ்சிஎம்பி ஆகவும் பெயர் மாறியது. இத்துறை எப்படி விரிந்தது என்பதை அந்தப் பெயர் மாற்றங்களே சொல்லிவிடும்.

பல்கலைக்கழகங்களும் பீர் விளையாட்டும்

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டொனால்டு பவர்சாக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் பௌதிக விநியோக மேலாண்மைக்கு 1961இல் பாடநூல் எழுதினார்கள். மறு ஆண்டு பீட்டர் டிரக்கர், விநியோகத்தைப் பொருளாதாரத்தின் இருண்ட கண்டம் என்று வருணித்து 'ஃபார்ச்சூன்' இதழில் எழுதியது நிர்வாகிகளின் கவனத்தை ஈர்த்தது. எம்ஐடி 1973இல் போக்குவரத்து ஆய்வு மையத்தை அமைத்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கும் 1998இல் சேர்ந்து ஆசிய பசிபிக் லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்தை உருவாக்கின.

பல்கலைக்கழகம் இத்துறைக்குத் தந்த மிகச் சிறந்த கொடை, எம்ஐடியின் ஜே ஃபாரஸ்டர் வழியில் 1960 அளவில் உருவான பீர் விளையாட்டு. சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நால்வர் ஒரு மேசையில் அமர்கிறார்கள். தங்களுக்குள் பேசக் கூடாது. ஆணைச் சீட்டு மட்டும் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். ஆணை போய்ச் சேரவும் சரக்கு வரவும் வாரங்கள் பிடிக்கும். கையிருப்பில் ஒரு பெட்டிக்கு வாரம் அரை டாலர், கொடுக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர் செலவு. முதல் நான்கு வாரம் வாடிக்கையாளர் 4 பெட்டி கேட்கிறார். ஐந்தாம் வாரம் முதல் 8 பெட்டி. நடக்கும் மாற்றம் இது ஒன்றே. ஆனால் அச்சத்தில் ஒவ்வொருவரும் கூடுதலாக ஆணையிட, ஆலைக்குப் போய்ச் சேரும்போது அது பேரலையாகிறது; சில வாரம் கழித்து எல்லோரிடமும் சரக்கு மலையாகக் குவிகிறது. முடிவில் வாடிக்கையாளரின் தேவை எப்படி இருந்திருக்கும் என்று வரையச் சொன்னால், ஏறி இறங்கும் கோட்டையே பலரும் வரைகிறார்கள். ஜான் ஸ்டெர்மன் 1989இல் இதை முறையாக ஆராய்ந்து வெளியிட்டார். ஹவ் லீ, வி. பத்மநாபன், சியுங்ஜின் வாங் ஆகியோர் 1997இல், ஆணைகள் படிக்குப் படி இப்படிப் பெருகும் 'சாட்டை விளைவின்' காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். தவறு ஆளிடம் இல்லை, தகவல் மறைந்து கிடக்கும் அமைப்பில்தான் உள்ளது என்பதை இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு ஆழமாக உணர்த்தும் பாடம் வேறில்லை.

இந்தியாவும் இலங்கையும்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உதவியுடன் 1963இல் மும்பையில் நிறுவப்பட்ட நிட்டி, இந்தியாவில் இத்துறையின் முதன்மைக் கல்விக்கூடம். 2023இல் அது ஐஐஎம் மும்பை ஆனது. நவி மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பொருள் மேலாண்மை நிறுவனம், வேலையில் இருப்பவர்கள் படிக்கத் தக்க பட்டயங்களை நாடெங்கும் நடத்துகிறது. 2022இல் வடோதராவில் கதி சக்தி மத்தியப் பல்கலைக்கழகம் அமைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையும் அறிவிக்கப்பட்டது.

நாட்டின் முதல் கன்டெய்னர் முனையம் 1983இல் சென்னைத் துறைமுகத்தில் தொடங்கியது. கார்த் தொழிற்சாலைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வந்தபோது உதிரிபாகம் வழங்குவோரும் கிடங்குகளும் சேர்ந்து வந்தன. இந்தியத் தொழில் கூட்டமைப்பின் லாஜிஸ்டிக்ஸ் நிறுவனமும், கிடங்குப் பணியாளர் முதல் கூரியர் கொடுப்பவர் வரை பயிற்சித் தரம் வகுக்கும் லாஜிஸ்டிக்ஸ் துறைத் திறன் குழுவும், 2008இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமும் சென்னையில் உள்ளன. இந்தியச் சுங்க முகவர் தொழிலில் தகுதியின் படிகளை அட்டைகள் காட்டுகின்றன. தேர்வு எழுதாத பணியாளருக்கு 'எச்' அட்டை. சுங்கத் துறையின் தேர்வில் தேறியவருக்கு 'ஜி' அட்டை. உரிமம் பெறுவதற்கான தேர்வில் தேறியவருக்கு 'எஃப்' அட்டை. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் போக்குவரத்து, லாஜிஸ்டிக்ஸ் துறையில் பட்டப்படிப்பு நடத்துகிறது.

இன்றைய நிலை

2020இன் பெருந்தொற்றும், 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்துக்கொண்டதும் இத்துறையைப் பொதுமக்கள் பேச்சுக்குக் கொண்டுவந்தன. எம்ஐடியின் இணையவழி மைக்ரோமாஸ்டர்ஸ் உள்ளிட்ட படிப்புகள் பரவியுள்ளன. தரவுப் பகுப்பாய்வும் செயற்கை நுண்ணறிவும் பாடத்திட்டங்களில் சேர்ந்துள்ளன. சிபிஎஸ்எம், எம்சிஐபிஎஸ் ஆகியவற்றுக்கு வேலை அனுபவக் கட்டாயம் தொடர்கிறது.