மீட்டருக்குள் வராத செங்கல்: கட்டடத் துறையில் ‘பசுமை’ கடந்து வந்த வழி

‘சஸ்டெய்னபிள்’ என்பதற்குத் தமிழில் இன்னும் ஒரே சொல் நிலைபெறவில்லை. இலங்கையில் ‘பேண்தகு’ என்கிறார்கள். தமிழகத்தில் ‘வளங்குன்றா’, ‘நீடித்த’, ‘நிலையான’ ஆகிய மூன்றும் புழங்குகின்றன. கட்டுமானத்தில் கடைசிச் சொல் பயன்படாது. நிலையான கட்டடம் என்றால் இடிந்து விழாத கட்டடம் என்றுதான் கொத்தனார் எடுத்துக்கொள்வார். அவர் மேல் பிழையில்லை. ஆனால் இது மொழிபெயர்ப்புச் சிக்கலோடு முடிவதில்லை. இத்துறையில் ஒவ்வொரு கலைச்சொல்லும் தனக்கென ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தது. அந்த அளவுகோலுக்குள் அடங்காத பொருள் கணக்கிலிருந்து விழுந்தது. மண்கல்லின் கதை இதற்குச் சான்று.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1725, மண்ணோடு சிமெண்ட் கலந்து செய்யும் கற்களுக்கு 1960-லேயே வந்தது. ‘பசுமைக் கட்டடம்’ என்ற பேச்சே அப்போது இல்லை. 1974-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.கே.என். ரெட்டி ‘அஸ்த்ரா’ என்ற கிராமத் தொழில்நுட்ப மையத்தைத் தொடங்கினார். மண்கல் ஆய்வு அங்கே வேரூன்றியது. ஆரோவில்லில் இன்றும் அந்தக் கல்லை அறுப்பதைப் பார்க்கலாம். சலித்த மண்ணில் சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து, ஈரப்பதம் பார்த்து, இரும்பு அச்சில் கொட்டி, நெம்புகோலை ஆள் பலத்தால் இழுத்து அழுத்துகிறார்கள். பிறகு நான்கு வாரம் ஈரம் காயாமல் மூடி வைக்க வேண்டும். சூளை கிடையாது, விறகும் கிடையாது.

இந்தச் சிக்கனத்துக்கு எண் கொடுத்தவர்கள் ஆய்வாளர்கள் வெங்கடராம ரெட்டியும் ஜெகதீஷும். 2003-ல் வெளியான அவர்களது ஆய்வின்படி, சுட்ட செங்கல்லுக்கு ஆகும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கே மண்கல்லுக்குப் போதும். ஒரு பொருளைச் செய்து முடிப்பதற்குள் செலவாகும் இந்த ஆற்றலைப் ‘பொதிந்த ஆற்றல்’ எனலாம். ‘உள்ளுறை ஆற்றல்’ இன்னும் அழகான சொல்தான். ஆனால் பள்ளிப் பாடநூல்கள் ‘உள்ளுறை வெப்பம்’ என்று அதை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டன.

அதே 2003-ல், ஹைதராபாத்தில் சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையக் கட்டடம் அமெரிக்காவின் ‘லீட்’ என்ற பசுமைக் கட்டடத் தரமுறையில் பிளாட்டினம் சான்றிதழைப் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே இது கிடைத்த முதல் கட்டடம் அதுவே. பிரிட்டனில் 1990-ல் ப்ரீயம் தொடங்கிவைத்த மதிப்பெண் முறை, லீட் வழியாக இப்படி இந்தியாவுக்குள் வந்தது. அதனுடன் ‘பசுமை’ என்ற சொல்லும் பரவியது. நம்மவர்களின் ‘கிருஹா’ தரமுறை 2007-ல்தான் வந்தது. அன்றைய லீட், கட்டுமானப் பொருட்களைப் புறக்கணித்தது என்று சொல்லிவிட முடியாது. 500 மைலுக்குள் தயாரான பொருளுக்கு மதிப்பெண் தந்தது. ஆனால் அது தொலைவை அளந்ததே தவிர, சூளையில் எரிந்ததை அளக்கவில்லை. ஹைதராபாத்தை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் சென்னையும் மும்பையும் ‘உள்ளூர்’ ஆகிவிடும்!

சட்டமோ மின்சாரத்தையே பிடித்துக்கொண்டது. 2001-ன் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2007-ல் வந்த கட்டட விதித்தொகுப்பு, பெரிய வணிகக் கட்டடங்களின் சுவர், கண்ணாடி, விளக்கு, குளிர்சாதனம் ஆகியவற்றுக்கு வரம்பு வைத்தது. சுவர் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடுகிறது என்று கேட்டது. அந்தச் சுவரின் கல் எப்படி உருவானது என்று கேட்கவில்லை. வீடுகளுக்காக 2018-ல் வந்த ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’வும் வெப்பக் கணக்கோடுதான் தொடங்கியது: குளிர்ப் பகுதிகள் தவிர மற்ற இடங்களில், வெளிச்சுவர் வழியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் வெப்பம் நுழையக் கூடாது.

கல்லைப் பற்றிக் கேட்ட ஆணை வேறு வாசல் வழியாக வந்தது. 1999 செப்டம்பர் 14 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, அனல் மின்நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் அறுப்போர் குறைந்தது 25 விழுக்காடு சாம்பல் கலக்க வேண்டும் என்றது. இந்த எல்லை 2003-ல் 100 கிலோமீட்டராகவும் 2016-ல் 300 கிலோமீட்டராகவும் விரிந்தது. அதன் நோக்கம் வயலின் மேல்மண்ணைக் காப்பதும் குவிந்துகிடந்த சாம்பலைத் தீர்ப்பதும்தான். எந்த மதிப்பெண் பட்டியலும் இல்லாமலேயே சாம்பல் கல் தெருவுக்குத் தெரு வந்து சேர்ந்ததில் இந்த ஆணைக்குப் பெரும் பங்குண்டு என்பது என் கணிப்பு.

2022-ல் ஆற்றல் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது விதித்தொகுப்பின் பெயர் நீண்டது: ‘ஆற்றல் சேமிப்பு மற்றும் வளங்குன்றாக் கட்டட விதித்தொகுப்பு’. பொதிந்த ஆற்றலும் இப்போது ‘பொதிந்த கரிமம்’ என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அதற்குச் சான்றாகக் கேட்கப்படுவது ஐ.எஸ்.ஓ. 14025 வகைச் சுற்றுச்சூழல் அறிவிப்பு ஆவணம். தயாரிப்பாளர் வாழ்க்கைச் சுழற்சிக் கணக்குப் போட வேண்டும். அதை வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும். பெரிய சிமெண்ட் ஆலைக்கு இது ஓர் அலுவலகச் செலவு. நெம்புகோலும் நான்கு ஆட்களும் வைத்து மண்கல் அறுக்கும் பட்டறைக்கு, ஒரு பருவத்து லாபமே இந்தக் காகிதத்துக்குப் போய்விடலாம்.