தீபன் (திரைப்படம், 2015)

ழாக் ஓதியார் இயக்கிய பிரெஞ்சுப் படம். பெரும்பகுதி உரையாடல் தமிழில். கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. நாயகன் தீபனாக நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தி யாழ்ப்பாணத் தீவகத்தின் அல்லைப்பிட்டியில் பிறந்தவர். இளமையில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். தீபனின் மனைவி என்ற பெயரில் உடன் வாழும் யாழினியாகக் காளீஸ்வரி சீனிவாசன் நடித்தார்.

இலங்கைப் போரிலிருந்து தப்பிவந்து, பாரிஸ் புறநகரில் குடியிருப்புக் காவலாளியாக ஒடுங்கி வாழும் தீபன், இறுதியில் யாழினியை மீட்கப் புகை மண்டிய படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்களைக் கொன்றபடி ஏறுகிறான். அடுத்து இங்கிலாந்து: வெயில், தோட்டம், கைக்குழந்தை. நடந்ததா, கனவா? படம் சொல்வதில்லை. இடையிடையே தோன்றும் காட்டு யானையும் நனவுக்கு வெளியே நிற்பதால், கனவு என்ற வாசிப்பே வலுவானது. ஷோபாசக்தியின் இறுகிய, அதிகம் பேசாத நடிப்பும் அதற்கே துணைநிற்கிறது: போர் அந்த உடலைவிட்டு நீங்கியதாக எங்கும் தோன்றவில்லை.