சாக்கும் தாரும்

கார் வேலையில் குஷன்காரனுக்குத்தான் மரியாதை கம்மி. மெக்கானிக்கை டாக்டர் மாதிரி பார்ப்பார்கள், டிங்கரைக் கெஞ்சுவார்கள், பெயின்டர் பின்னாலேயே அலைவார்கள். எங்களைக் கூப்பிடுவது கடைசியில், கையிலிருந்த காசெல்லாம் தீர்ந்த பிறகு. ஆனால் ஒரு பழைய வண்டியின் கார்பெட்டை உரித்து, அடியில் என்ன கிடக்கிறது என்று முதலில் பார்க்கிறவன் நான்தான். முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன். மேலே முகம் பார்க்கலாம்போல மின்னுகிற வண்டி, கீழே அப்பளமாக நொறுங்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. 1967ஆம் வருஷத்து வண்டி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது, அவருடைய அப்பா வாங்கியது. “சத்தம் காதைப் பொளக்குது தம்பி. போன வருஷம்கூட இப்படி இல்ல. கீழ இருக்கிற ஃபெல்ட்டை மட்டும் மாத்திக் குடு, போதும்” என்றார்.

டிரைவர் பக்கம் கார்பெட்டைத் தூக்கினேன். அடியில் மஞ்சள் நுரை, தொட்டதும் வறுத்த ரவை மாதிரி உதிர்ந்தது. அதற்கும் அடியில் சணல் ஃபெல்ட். ஒரு மூலையைப் பிடித்துப் பிழிந்தேன், தண்ணீர் சொட்டியது. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஃபெல்ட்டுக்கு அடியில் தார். சுரண்டியை விட்டு நெம்பினால் தார் உடையாமல் வறட்டி மாதிரி முழுசாக எழும்பி வந்தது. திருப்பிப் பார்த்தால் அதன் முதுகில் தரைத்தகடு செதில் செதிலாக ஒட்டியிருந்தது. நெம்பிய இடத்தில் என் கடை சிமென்ட் தரை தெரிந்தது.

“சார், ஃபெல்ட் மாத்தலாம். அதை எதுமேல போடறதுன்னு முதல்ல பாப்போம்” என்றேன்.

காரில் சத்தத்தை அடக்குகிற வேலை எப்போது ஆரம்பித்தது என்று எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு ஆர்வம் உண்டு. ஆரம்பகாலக் கார்கள் குதிரை வண்டியின் தம்பிகள்தானே? மரச் சட்டம், மேலே கித்தான் கூரை. மரம் கிரீச்சிடும், ஆனால் முழங்காது. 1910களின் நடுவில் பிலடெல்பியாவில் எட்வர்டு பட் என்பவர் டாட்ஜ் கார்களுக்கு முழுக்க எஃகுத் தகட்டிலேயே உடம்பு செய்து கொடுத்தார். வேகமாக அச்சடிக்கலாம், மலிவு. ஆனால் தகரம் தகரம்தான். அப்போதும் கூரையின் நடுப்பகுதியைத் துணி போர்த்தித்தான் விட்டிருந்தார்கள். 1935 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கூரையையும் ஒரே எஃகுத் தகடாக்கியது. அத்தோடு கார் என்பது எல்லாப் பக்கமும் தகடு போர்த்திய தவில் ஆகிவிட்டது.

தவில் என்று சும்மா சொல்லவில்லை. பித்தளைத் தாம்பாளத்தைச் சுண்டினால் கணீரென்று கேட்கும். நடுவில் ஒரு விரலை வைத்துச் சுண்டிப் பாருங்கள், பொத்தென்று அடங்கிவிடும். மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன்னால் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்புகிறாரே, அதுவும் இந்த வகைதான். அதிர்கிற தோலின் நடுவில் கனமாக, கொழகொழவென்று ஒன்று உட்கார்ந்தால் நாதம் கனத்துப்போகும். காரில் ரவைக்குப் பதில் தார். தகடு வளைந்து நிமிரும்போது ஒட்டியிருக்கும் தாரும் சேர்ந்து இழுபடுகிறது, இழுபட்டதில் துளி சூடாகிறது, சத்தம் அந்தச் சூட்டில் கரைந்து போகிறது. எந்தத் தகட்டுக்கு எவ்வளவு பூச்சு அப்பினால் அதிர்வு எவ்வளவு குறையும் என்று ஓபர்ஸ்ட் என்ற ஜெர்மானியர் 1952இல் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஒரு வித்தியாசம் உண்டு. மிருதங்கக்காரர் கச்சேரி முடிந்ததும் ரவையை வழித்து எடுத்துவிடுவார். ஈரத்தோடு விட்டால் தோல் கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியும். கார் செய்தவர்கள் அப்பக் கற்றுக்கொண்டார்களே தவிர, வழித்தெடுக்கும் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளவில்லை.

தார் ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும் என்பதைக் கவனியுங்கள். அடியில் துரு பூத்தால், இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும். அது தாரைத் தூக்கிவிடும். தூக்கிய தார் வெறும் பாரம், தகடு மறுபடியும் முழங்க ஆரம்பிக்கும். தலைமையாசிரியர் காதைப் பிளந்த சத்தம் ஃபெல்ட் பழசானதால் வந்ததில்லை. தகடு கரைகிற சத்தம் அது. பழைய வண்டி ஒரு வருஷத்துக்குள் திடீரென்று சத்தம் கூடினால், நான் முதலில் சைலன்சரைப் பார்க்கமாட்டேன், கார்பெட்டைத்தான் தூக்குவேன்.

ஹெரால்டு இதில் தனி ரகம். 1950களில் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடம்பு அடித்துக் கொடுத்த பிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. ஒரே கூடாக உடம்பு அடித்துத்தர ஆளில்லை. அதனால் சேசிஸைத் தனியாக வைத்து, உடம்பைத் துண்டு துண்டாகப் பல இடத்தில் அடித்து வாங்கி போல்ட் போட்டுப் பூட்டுகிற மாதிரி 1959இல் ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். வடிவம் வரைந்தவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். கூரையைக் கழற்றி ஓரமாகச் சாத்தலாம். 1961இல் அதே வண்டி நம் வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு தொழிற்சாலையிலிருந்து வர ஆரம்பித்தது. பத்து வருஷம் வந்தது. மெட்ராஸ்காரனுக்குச் சொந்த ஊர்க் கார் என்று ஒரு பெருமை. எங்கள் அப்பா அம்பாசிடரை “கல்கத்தாக்காரன்”, ஃபியட்டை “பம்பாய்க்காரன்” என்பார், ஹெரால்டை மட்டும் “நம்ம வண்டி”.

நம்ம வண்டிக்கு எத்தனை துண்டோ அத்தனை இணைப்பு, எத்தனை இணைப்போ அத்தனை கசிவு. தரையே இரண்டு பாதி, பின்சீட்டுக்கு முன்னால் ஒன்றாகப் பூட்டியிருக்கும். தண்ணீர் கீழே ரோட்டிலிருந்துதான் வருகிறது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அடிப்பக்கம் பூச்சுக்கு ஆயிரம் ஆயிரமாகச் செலவழிக்கிறார்கள். நான் பார்த்த முக்கால்வாசி வண்டிகள் மேலிருந்து கெட்டவை. முன்கண்ணாடி ரப்பர் வழியாக, நனைந்த செருப்பு வழியாக, பின்சீட்டில் கவிழ்ந்த குழந்தையின் பால்புட்டி வழியாக.

அப்பா காலத்தில் ஃபெல்ட் கம்பெனி சாமானாகக் கிடைப்பது அபூர்வம். ரோடு போடுகிற இடத்தில் கேட்டு வாங்கிய தாரை டால்டா டப்பாவில் போட்டு விறகடுப்பில் உருக்குவார். தேங்காய் மட்டையை நசுக்கிச் செய்த பிரஷ்ஷால் தகட்டில் பூசுவார். சூடு ஆறுவதற்குள் அரிசி மண்டிச் சாக்கை வெட்டி மேலே படிய வைத்து மிதிப்பார். மிதிக்கிற வேலை எனக்கு. சாக்கும் சணல், ஃபெல்ட்டும் சணல். இந்தியாவின் முதல் சணல் ஆலை 1855இல் ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவில் வந்தது. அம்பாசிடர் பிறந்த உத்தர்பாரா அதே கரையில், கொஞ்ச தூரத்தில்தான். சணல் நல்ல சரக்கு, சத்தத்தைக் குடிக்கும். கஷ்டம் என்னவென்றால், தண்ணீரையும் அதே ஆசையோடு குடிக்கும்.

அப்பா படித்தவரில்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் கறார். ரெட் ஆக்ஸைடு காய்ந்து மறுநாள்தான் தார் வைப்பார். தரையில் இருக்கிற ஓட்டைகளை மூடவிடமாட்டார். “ஓட்டையச் சுத்தி ஒரு சாண் விடுடா, தண்ணிக்குப் போக வழி வேணும்.” நான் கடையை எடுத்த புதிதில் இதையெல்லாம் கிழவன் பேச்சு என்று நினைத்தேன். தரை முழுக்கப் போர்த்தினேன், நுரை வைத்த கார்பெட்டை இண்டு இடுக்கு விடாமல் பசை போட்டு ஒட்டினேன். வாடிக்கையாளர்கள் கையால் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அந்த வண்டிகளின் கதி என்ன ஆனதோ, நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு வண்டியின் கதி தெரியும், ஏனென்றால் அது என்னுடையது. பிரீமியர் பத்மினி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஜாபர்கான்பேட்டைக்குள் வந்தபோது என் வண்டி சீட் மட்டம் வரை இரண்டு நாள் நின்றது. தண்ணீர் வடிந்ததும் நாலு கதவையும் திறந்து ஒரு வாரம் வெயிலில் போட்டேன். கார்பெட் மொரமொரவென்று காய்ந்தது, வாடை போனது, கிளம்பிவிட்டேன். ஆறேழு மாசம் கழித்து ஒரு சிக்னலில் பிரேக்கை அழுத்தியபோது குதிகால் தரையோடு கீழே இறங்கியது. பசை போட்ட நுரைக்கு அடியில் சேறும் தண்ணீரும் அப்படியே இருந்திருக்கிறது. ஒட்டின கை என் கை.

ஏன் மூடிய இடத்தில்தான் அதிகம் அரிக்கிறது என்பதை யுலிக் எவன்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி 1920களில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரை வைத்தே காட்டினார். இரும்பின் மேல் சொட்டை வைத்தால் ஓரத்தில் காற்று படும், நடுவில் படாது. அரிப்பு விழுவது காற்றுப் படாத நடுவில். ஈர ஃபெல்ட் என்பது பெரிய சொட்டு. நம் ஊரில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் ஆனால்தான் கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 போதும். கடலோரப் பெசன்ட் நகரில் நிற்கிற வண்டிக்கு மழையே தேவையில்லை.

தலைமையாசிரியர் வண்டிக்கு வருகிறேன். தாரை எடுப்பதுதான் பெரிய வேலை. சித்திரை வெயிலில் அது அல்வா, சுரண்ட சுரண்ட நீளும். விடியற்காலையில் ஐஸ் கட்டியை உடைத்துப் பரப்பி, அரைமணி கழித்துச் சுத்தியால் தட்டினேன், ஓடு ஓடாகத் தெறித்தது. கிரைண்டர் வைக்கவில்லை. அந்தக் காலத்துத் தார்க் கலவை சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருந்தது, அந்தத் தூசியை மூக்குக்குள் விடக்கூடாது. மிச்சத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தோம். பிறகு டிங்கர் பாய் வந்தார். ஒரு தரம் சுத்தியால் தட்டிக் கேட்டார். “நல்ல தகடு டங்குன்னும், செத்த தகடு தொப்புன்னும். இந்தப் பக்கம் மொத்தமும் செத்துடுச்சு” என்று சாக்பீஸால் கோடு போட்டார். கோட்டோடு வெட்டிப் புதுத் தகடு வைத்தார். மேலே பட்டி பூசி மறைக்கிற ஆள் இல்லை அவர்.

அதற்குமேல் என் முறை. இரண்டு பொருள் கலந்து அடிக்கிற எபாக்ஸி பிரைமர், இணைப்புகளில் சீலர், அது ஒரு வாரம் காயட்டும் என்று விட்டோம். “வாரமா?” என்றார் தலைமையாசிரியர். எங்கள் அப்பா ஒரு ராத்திரி விட்டார், நான் ஏழு.

தாருக்குப் பதில் பியூட்டைல் ஷீட். அமெரிக்காவில் ஸ்பார்க்ஸ், தாமஸ் என்ற இருவர் 1937இல் கண்டுபிடித்த ரப்பர். காற்றை விடாது என்பதால் நம் சைக்கிள் ட்யூப் வரைக்கும் வந்தது. தண்ணீரையும் குடிக்காது. மேலே அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். காசை மிச்சம் பிடிக்க ஒரு காலத்தில் மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டுகிற தார் ஷீட்டை ஒரு அம்பாசிடர் கூரைக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மே மாசம் டிரைவர் தலையில் சொட்டுச் சொட்டாக இறங்கியது, வெள்ளைச் சட்டை வேறு. அதோடு விட்டேன்.

ஷீட்டையும் முழுக்கப் போர்த்தவில்லை. தட்டிப் பார்த்து, முழங்குகிற நடுப்பகுதியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, உருளை வைத்துத் தேய்த்து ஒட்டினேன். இணைப்புகளையும் ஓட்டைகளையும் விட்டு ஒரு சாண். மேலே தண்ணீர் உறிஞ்சாத நுரை, வெறுமனே பரப்பியது. அதற்குமேல் கார்பெட், அதுவும் ஒட்டாமல் நாலு ஓரத்திலும் பட்டன் வைத்தது. பட்டனைப் பார்த்துத் தலைமையாசிரியருக்கு ஏமாற்றம். “இது என்னப்பா, சட்டை மாதிரி?”

“மாசம் ஒருதரம் கழட்டிப் பாருங்க சார்.”

ஐப்பசி மழை இரண்டு நாள் கொட்டி ஓய்ந்த காலையில் போன் வந்தது. “தம்பி, தூக்கிப் பாத்தேன். இடது பக்கம் முன்னால ஈரமா இருக்கு.”

“தகடு எப்படி சார்?”

“பெயின்ட் அப்படியே இருக்கு.”

“துணி போட்டு ஒத்தி எடுத்துட்டு வெயில்ல நிறுத்துங்க. கண்ணாடி ரப்பராத்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமை வரேன்.”