ரஷ்யர் என்றால் யார்?

"ரஷ்யர்" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ரஷ்ய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. 'ரூஸ்கி' என்றால் இனத்தால், மொழியால் ரஷ்யர். 'ரஸ்ஸியானின்' என்றால் ரஷ்ய நாட்டின் குடிமகன். அவர் தாத்தாராகவோ செச்சென் இனத்தவராகவோ இருக்கலாம். ஏன் இந்த இரட்டை வேடம்?

பிரிட்டன் கடல் கடந்து போய் நாடு பிடித்தது. தாய்நாடு எது, காலனி எது என்று கடலே கோடு போட்டுக் காட்டியது. ரஷ்யாவுக்கு அந்தக் கோடு இல்லை. 1552-ல் நான்காம் இவான் கசானைப் பிடித்தார். அடுத்த நூறு வருடத்துக்குள் சைபீரியாவைத் தாண்டிப் பசிபிக் கரைக்கே போய்விட்டார்கள். 1721-ல் மகா பீட்டர் பேரரசர் பட்டம் சூடினார். பேரரசு முதலில் வந்துவிட்டது. தேசம்?

1897 மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். தாய்மொழிப்படி ரஷ்யர்கள் சுமார் 44 சதவீதம்தான். சொந்தப் பேரரசிலேயே பாதிக்கும் குறைவு! உக்ரைனியரையும் பெலாரஸ்காரரையும் 'இவர்களும் ரஷ்யர்களே' என்று சேர்த்தால்தான் மூன்றில் இரண்டு பங்கு வரும்.

1876-ல் இரண்டாம் அலெக்சாண்டர் உக்ரைனிய மொழியில் புத்தகம் அச்சிடுவதை ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்தது ஏன் என்று இப்போது புரிகிறதா? உக்ரைனியர் தனி இனம் என்றால் அந்தக் கணக்கே உதைக்கும்.

1991-ல் சோவியத் யூனியன் 15 நாடுகளாகச் சிதறியது. ஆனால் பழைய கணக்கு மறையவில்லை. ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்று 2021-ல் புடின் கட்டுரை எழுதினார். 2022 பிப்ரவரியில் படை புகுந்தது.

'நீயும் நானும் ஒன்று' என்பது கேட்க இனிமையான வாக்கியம்தான். அதைச் சொல்பவர் கையில் துப்பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், நண்பர்களே!