மன்னார்க் கரையோரமும் பிரிந்த பிள்ளைகளும்: குடும்ப மீளிணைவின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

மன்னார்த் தீவையும் அதனையடுத்த பெருநிலக் கரையையும் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் முத்துக்குளிப்பு, மாந்தைத் துறைமுகம், திருக்கேதீச்சரம், மடு யாத்திரை என்பவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. இக்கரை வழியாகக் கடந்து சென்ற மக்கள் பற்றியும் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. ஆயின், அவ்வாறு கடந்தபோது குடும்பத்திலிருந்து பிரிந்த பிள்ளைகளுக்கு யாது நேர்ந்தது, அவர்களை மீட்டுச் சேர்க்கும் பொறுப்பு எவருடையதாகக் கருதப்பட்டது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. அவ்வினாக்களை வரலாற்று நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டியுள்ளது. பெற்றோரைப் பிரிந்து இல்லங்களில் வளரும் பிள்ளைகளை 'அநாதைகள்' என்று அழைப்பது நம்மிடையே வழக்காகிவிட்டது. ஆனால் இலங்கையின் சிறுவர் இல்லங்களில் வாழ்வோருட் பெரும்பான்மையோர் பெற்றோரில் ஒருவரையேனும் உயிரோடு உடையவர்கள். அவர்களை அநாதைகளாக்கியது மரணமன்று. வறுமையும் போரும் நிருவாக முறையுமே. இவ்வேறுபாட்டை உணராதவிடத்து மீளிணைவு என்னும் எண்ணத்துக்கே இடமில்லாது போகின்றது.

கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1707இல் ஒல்லாந்தர் சட்ட வலுவளித்த தேசவழமையில் தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் பற்றிய விதிகள் உண்டு. தாய் இறந்தபின் தந்தை மறுமணம் செய்ய விரும்பினால், மனைவியின் பெற்றோரை அல்லது நெருங்கிய உறவினரை அழைத்துப் பிள்ளைகளையும் தாய்வழிச் சொத்தையும் ஒப்படைத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சொத்துரிமையைப் பாதுகாப்பதே இவ்விதியின் முதன்மை நோக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும் பிள்ளை உறவு வட்டத்துக்கு உரியது, அவ்வட்டத்துக்கு வெளியே அதனைக் கையளிக்கும் தேவை எழாது என்ற நம்பிக்கையின் மீதே அது நிற்கின்றது. மன்னார் அன்று ஒல்லாந்தரின் யாழ்ப்பாண நிருவாகப் பிரிவோடு சேர்ந்திருந்தமையால் இச்சமூக மனோபாவம் அக்கரைக்கும் அந்நியமானதன்று எனலாம். ஆயின் இவ்வட்டத்தை இலட்சியப்படுத்துவது தவறாகும். சொத்துடையோரின் பிள்ளைகளைக் காத்த அதே தேசவழமை அடிமைகளை அவர்தம் உடைமையாளரின் சொத்தாகவே கணித்தது. தென்னிந்தியா போரால் அலைக்கழிந்த 1694-1696 காலப்பகுதியில் சோழமண்டலக் கரையிலிருந்து 3,859 அடிமைகள் தனியாரால் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். பஞ்ச காலத்தில் பெற்றோர் தம்மையும் பிள்ளைகளையும் விற்ற செய்திகள் அக்கால ஐரோப்பியக் குறிப்புகளில் வருவன. அப்பிள்ளைகளுக்கு அழைத்துக் கையளிக்க அம்மானும் பாட்டியும் இருந்திலர்.

பிரித்தானியர் ஆட்சியின் இறுதிக் கட்டத்தில் சட்டத்தின் போக்கு வேறாயிற்று. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமும், 1941ஆம் ஆண்டின் பிள்ளைகளைச் சுவீகாரஞ் செய்தற் கட்டளைச் சட்டமும், அதே ஆண்டின் அநாதை விடுதிகள் கட்டளைச் சட்டமும் குறுகிய இடைவெளியில் இயற்றப்பட்டன. இவற்றின் மாதிரி ஆங்கில நாட்டுச் சட்டங்களே. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையை நீதிமன்றம் 'தகுதியான ஆள்' ஒருவரிடமோ நிறுவனமொன்றிலோ ஒப்படைக்கலாம் என்னும் கருத்து இவ்வாறு நுழைந்தது. கொடுமையிலிருந்து பிள்ளைகளைக் காப்பதற்கு இச்சட்டங்கள் இன்றியமையாதன என்பதை மறுக்கவியலாது. ஆனால் இவை பிள்ளையை ஏற்கும் வழியை வகுத்த அளவுக்குத் திருப்பிச் சேர்க்கும் வழியை வகுக்கவில்லை. வீட்டில் உலையேற்ற வழியற்ற தாய்க்கு உதவுவதினும் அவளது பிள்ளையை விடுதியில் ஏற்பது நிருவாகத்துக்கு எளிதாயிருந்தது.

மன்னாரைப் பொறுத்தவரை, சுதந்திரத்துக்குப் பிந்திய முதற்பெரும் பிரிவு மலையகத்திலிருந்து வந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியோர் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஆட்களை எண்ணிப் பங்கிட்ட இவ்வொப்பந்தத்தில் குடும்பம் ஓர் அலகாக எப்போதும் காக்கப்படவில்லை. வயதுவந்த பிள்ளைகள் தனி விண்ணப்பதாரர். ஆதலின் ஒரே லயத்தில் வாழ்ந்த பெற்றோரும் பிள்ளைகளும் இரு நாட்டினர் ஆயினர். இவர்களைத் தலைமன்னார் இறங்குதுறைக்கு ஏற்றி வந்த புகைவண்டியை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். கடலுக்கு அப்பால் அவர்களை எதிர்கொண்ட மண்டபம் முகாம், முன்னர் தோட்டத் தொழிலாளரை இலங்கைக்கு அனுப்புமுன் தொற்றுத்தடைக்காகத் தங்கவைத்த அதே இடம் என்பது வரலாற்றின் ஒரு கொடிய சிக்கனம். 1984இல் கப்பற் சேவை நின்றது. அதன்பின் இதே முகாமுக்கு வந்தோர் ஏதிலிகள்.

1990ஆம் ஆண்டு தனியாக நோக்கப்பட வேண்டியது. அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் பேசாலை, தலைமன்னார்க் கரைகளிலிருந்து பெருந்தொகையானோர் படகேறி இராமேசுவரம் சென்றனர். படகில் இடமும் கூலியும் எல்லோருக்கும் போதியனவாக இருப்பதில்லை. எனவே யார் முதலிற் செல்வது என்னும் முடிவு கரையிலேயே எடுக்கப்பட்டது. மூத்த பிள்ளைகளை உறவினரோடு அனுப்பிவிட்டு, வீட்டையும் முதியோரையும் காக்கப் பெற்றோர் பின்தங்கிய குடும்பங்களும் உண்டு. தாயும் சிறுவரும் சென்று தந்தை நின்றுவிட்ட குடும்பங்களும் உண்டு. நாட்டைவிட்டுப் போகாதோருக்கு ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. வடக்கில் அக்காலந்தொட்டு இயங்கிய சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கடிதத் தாள்களே பல குடும்பங்களுக்கு ஒரே தொடர்பாக இருந்தன. அவ்வாண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் இயக்கம் மன்னார் முஸ்லிம்களை வெளியேற்றியது; எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள் கடல்வழியே கற்பிட்டி, புத்தளம் பகுதிகளை அடைந்தனர். அவர்களுட் பலர் குடும்பத்தோடு குடும்பமாகவே சென்றனர். ஆயினும் ஓர் ஊரை முழுமையாகப் பெயர்த்தெறிந்தபோது, நெருக்கடியில் பிள்ளையை ஏற்கும் உறவு வட்டமும் அயல் வட்டமும் சிதைந்தமை கவனத்துக்குரியது.

பிரிவின் மிகக் கசப்பான வடிவம் பின்னர் வந்தது. போரின் இறுதியாண்டுகளில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்னும் முறையில் இளைஞரும் பராயமடையாதோரும் பலவந்தமாகச் சேர்க்கப்பட்டனர். மகளைக் காப்பாற்ற வயது வராமலே மணமுடித்து வைத்த பெற்றோர் இருந்தனர். குழி தோண்டி மகனை மறைத்தோரும் இருந்தனர். பிள்ளையைக் குடும்பத்திடமிருந்து பறித்தது அயலார் ஆட்சி மட்டுமே என்று எழுதும் வரலாறு இவ்விடத்தில் வாயடைத்துப் போகும். மறுபுறம், வன்னியிலிருந்து தப்பி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2008இல் மன்னாரின் களிமோட்டை, சிறுக்கண்டல் நிலையங்களில் நடமாடும் உரிமையின்றி வைக்கப்பட்டனர். 2009இல் மெனிக் பாம் முகாமில் இதுவே பேரளவில் நிகழ்ந்தது.

இயக்கத்தில் இருந்தவர்களாக இனங்காணப்பட்ட 594 சிறுவர் புனர்வாழ்வின் பின் 2010 நடுப்பகுதிக்குள் குடும்பங்களிடம் கையளிக்கப்பட்டனர். 2009 டிசம்பரில் யுனிசெப் ஆதரவோடு வவுனியாவில் குடும்பங்களைத் தேடி இணைக்கும் பிரிவு ஒன்று நிறுவப்பட்டது. 2011 நடுப்பகுதி வரை அதற்குக் கிடைத்த 2,564 விண்ணப்பங்களில் 676 சிறுவர் பற்றியவை. இவர்களுட் பெரும்பாலோர் பலவந்த ஆட்சேர்ப்புக்குள்ளானவர்கள் என்றே பெற்றோர் பதிவு செய்திருந்தனர். இல்லங்களில் உள்ள பிள்ளைகளின் விவரங்களோடு இவ்விண்ணப்பங்களை ஒப்பிடுவதே அப்பிரிவின் முதன்மைப் பணி. ஒப்பீடு எங்கே தடைப்படுகின்றது என்பதை நோக்கினால் சிக்கல் விளங்கும். பிள்ளைக்குத் தன் பெயர் தெரியும். தந்தையை 'அப்பா' என்றே தெரியும். ஊர்ப்பெயரும் முகாமின் பெயரும் அதன் நினைவில் கலந்துவிடுகின்றன. பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போனோர் அலுவலகம் தனது பிராந்திய அலுவலகங்களுள் ஒன்றை மன்னாரில் அமைத்தது. எனினும் வீதியோரப் போராட்டங்களில் நிழற்படம் ஏந்தி நிற்கும் தாய்மார் அந்நிறுவனத்தின்மீது நம்பிக்கை கொண்டுள்ளனர் எனக் கூறுவதற்கில்லை.

இங்கே அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களின் அனுபவத்தை எடுத்துநோக்குதல் பயன்தரும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1909ஆம் ஆண்டின் சட்டமும் அதன் 1915ஆம் ஆண்டுத் திருத்தமும், நீதிமன்றக் கட்டளையின்றியே பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து அகற்றும் அதிகாரத்தைப் பாதுகாப்புச் சபைக்கு வழங்கின. இனத்தையே இல்லாமற் செய்யும் நோக்கம் அதன் பின்னால் நின்றது. மன்னாரின் கதையை அதனோடு சமப்படுத்தல் பொருந்தாது. ஆனால் மீளிணைவு முறை பற்றிக் கற்க அங்கு நிறைய உண்டு. தாமே இளமையில் கூட்டமுந்திரா விடுதியில் வளர்க்கப்பட்ட கோரல் எட்வர்ட்சும் வரலாற்றாசிரியர் பீட்டர் ரீட்டும் 1980இல் 'லிங்க்-அப்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். பிரிந்தவரைக் கண்டுபிடிப்பதோடு பணி முடிவதில்லை என்பது அவர்கள் கண்ட முதலுண்மை. சந்திப்புக்கு முன்னர் இரு பக்கத்தாரையும் ஆயத்தப்படுத்தல் வேண்டும். துணைக்கு ஒருவர் உடன்செல்லல் வேண்டும். முதற்சந்திப்பில் மௌனமே நிலவினும் மீண்டும் செல்லல் வேண்டும். 1997இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கையும், 2008 பெப்ரவரி 13இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்திற் கேட்ட மன்னிப்பும் இவ்வாறான மக்கள் முயற்சிகளுக்குப் பின்னரே வந்தன. பிள்ளையை அகற்றியே ஆகவேண்டுமாயின் முதலில் உறவினரிடமும், அடுத்து அதே சமூகத்தாரிடமும் ஒப்படைத்தல் வேண்டும் என்ற வரிசைமுறையும் அங்கு சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. தேசவழமையை அறிந்தோர்க்கு இவ்வரிசை புதுமையாகத் தோன்றாது. அவ்வளவிருந்தும் பராமரிப்பிலுள்ள பிள்ளைகளுள் பழங்குடியினர் விகிதம் அங்கு இன்றும் மிக அதிகம்.

இலங்கை 1991இல் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. வறுமை மட்டுமே பிள்ளையைப் பிரிப்பதற்குக் காரணமாகாது என ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகள் கூறுகின்றன. ஆயினும் மீன்பிடியை இழந்த, கணவனை இழந்த தாய் ஒருத்தி மூன்று பிள்ளைகளில் இருவரை இல்லத்திற் சேர்ப்பது எழுத்திலே 'பெற்றோரின் விருப்பம்' எனப்படும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்பின் நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணங்களின் பொறுப்பாயின. எனவே மன்னார்ப் பிள்ளை புத்தளத்திலோ கொழும்பிலோ உள்ள இல்லத்தில் வளருமாயின், பிள்ளையின் கோப்பு ஒரு மாகாணத்திலும் தாயின் விண்ணப்பம் மற்றொரு மாகாணத்திலும் கிடக்கும்.

இத்துறையில் ஆய்வாளர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. பொது ஆவணங்கள் அழிந்தவிடத்தும், மன்னார்க் கரையோரக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளிலே பெற்றோர் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் கிடைக்கக்கூடும். பள்ளிவாசற் பதிவேடுகள், பாடசாலைச் சேர்விடாப்புகள், மண்டபம் முகாமின் குடும்ப அட்டைகள் என்பனவும் அத்தகையனவே. இவற்றை ஊர்வாரியாக ஒப்பிட்டு அட்டவணைப்படுத்தும் முயற்சியை எருக்கலம்பிட்டி, பேசாலை போன்ற ஓரிரு ஊர்களிலிருந்து தொடங்கலாம். அவ்வூர்களின் ஆசிரியர்களும் முதியோரும் உயிரோடிருக்கும்போதே அது தொடங்கப்படவேண்டும்.